மணலில் வீடு, யார் வீட்டுப் பணம்?

கடற்கரையிலே ஒருவர் வீடு கட்டுகிறார். கையில் காசு இருக்கிறது. அலையைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்க ஆசை. கட்டட்டும். அது அவர் இஷ்டம்.

ஒரு நாள் புயல் வருகிறது. வீட்டைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அப்போது யார் பணம் கொடுப்பது? வீட்டுக்காரரா? அல்லது ஆயிரம் மைலுக்கு அப்பால் வயலில் நிற்கும், கடலையே பார்த்திராத விவசாயியா?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. அமெரிக்காவிலே 40 வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் வழக்கு இது. இதற்கென்றே அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் ஒரு கோடு இருக்கிறது. "கோட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்கள், எங்கள் வீடு தப்பிக்கட்டும்" என்று மசோதாமேல் மசோதா வருகிறது. ஒவ்வொரு தடவை கோடு நகரும்போதும் கஜானாவும் கூடவே ஆடுகிறது.

அது எப்படி?

நகரும் தீவுகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரை அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பார்த்தது. தெற்குக் கரை மெக்சிகோ வளைகுடாவைப் பார்த்தது. இந்த இரண்டு கரைகளிலும் நிலத்தை ஒட்டினாற்போல் மணல் தீவுகள் இருக்கின்றன. நீளமோ நீளம், அகலம் கொஞ்சம்தான். நாடாவைப் பிரித்துக் கீழே போட்டதுபோல் கிடக்கும். ஒரு பக்கம் பெருங்கடல். மறுபக்கம் உப்பங்கழி. நடுவே மணல் மேடும் புல்லும்.

இவற்றைத் தடுப்புத் தீவுகள் என்கிறார்கள். பெயருக்கு ஏற்ற வேலை. புயல் வரும்போது முதல் அடியை இந்தத் தீவு வாங்கிக்கொள்கிறது. பின்னால் இருக்கும் ஊர் தப்பிக்கிறது. நம் வீட்டில் கூரைக்கு முன்னால் தாழ்வாரம் இறக்குகிறோமே, அதுபோல.

இந்தத் தீவுகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே இடத்தில் நிற்காது. பெரும் புயலில் அலை தீவின் மேல் ஏறிப் பாயும். கடல் பக்கத்து மணலை வாரி, கழிப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும். இப்படியே மெதுவாகத் தீவு முழுவதும் கரையை நோக்கி உருளும். கடல் மட்டம் உயர உயர இன்னும் வேகமாக உருளும். நகர்ந்தால்தான் தீவு பிழைக்கும். மேலே வீடும் ரோடும் இருந்தாலோ, நகர விடமாட்டார்கள். மணல் கொட்டு, சுவர் கட்டு என்று ஆரம்பித்துவிடுவார்கள். கொட்டிய மணலைக் கடல் தின்றுவிடும். மறுபடியும் கொட்ட வேண்டும்.

சர்க்கார் செய்த உதவி

இப்படிப்பட்ட மணலில் வீடு கட்ட ஜனங்களுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? சர்க்கார் கொடுத்த தைரியம்தான்!

தீவுக்குப் போகப் பாலம் வேண்டும். சர்க்கார் பணம் உதவியது. ரோடு, குடிநீர்க் குழாய், சாக்கடை எல்லாவற்றுக்கும் சர்க்கார் பணம் வந்தது. மணல் அரித்துப் போனால், மணல் கொட்டவும் சர்க்கார் பணம்.

எல்லாவற்றுக்கும் மேலே இன்ஷூரன்ஸ். அமெரிக்காவில் சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் தீக்குப் பணம் கொடுக்கும், திருட்டுக்குக் கொடுக்கும், வெள்ளத்துக்குக் கொடுக்காது. வெள்ளம் என்றால் கம்பெனிகளுக்குப் பயம். ஒரு தெருவில் ஒரு வீடு தீப்பற்றும். வெள்ளம் வந்தாலோ தெருவோடு போகும். அதனால் 1968-ல் மத்திய சர்க்காரே வெள்ள இன்ஷூரன்ஸ் நடத்தத் தொடங்கியது. வீட்டுக் கட்டடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை கிடைக்கும். (ஒரு டாலர் நம் பணத்தில் 80 ரூபாய்க்கு மேல்.) வெள்ள அபாயம் உள்ள இடத்தில் வீட்டுக் கடன் வாங்க வேண்டுமா? வெள்ள இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் பாங்கி பணம் தரும்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். ஏழை எளியவர்கள் வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து தெருவில் நிற்கக்கூடாது என்று செய்தார்கள். ஆனால், பல வீடுகளுக்கு அபாயத்துக்குத் தகுந்த சந்தா வாங்கவில்லை. கடற்கரை வீட்டுக்காரருக்கும் அது கொண்டாட்டமாகப் போயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

2005-ல் காத்ரீனா புயல் வந்தது. அந்த ஒரு புயலுக்கு மட்டும் வெள்ள இன்ஷூரன்சிலிருந்து சுமார் 1,600 கோடி டாலர் நஷ்டஈடு கொடுத்தார்கள். 2012-ல் சாண்டி புயல். அதற்கு 800 கோடி டாலருக்கு மேல். சந்தாப் பணம் போதவில்லை. சர்க்கார் கஜானாவிலிருந்து கடன் வாங்கினார்கள். கடன் ஏறிக்கொண்டே போயிற்று. 2017-ல் அதில் 1,600 கோடி டாலரைப் பாராளுமன்றம் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி என்றால் என்ன? நாடு முழுவதும் உள்ள வரி கொடுப்போர் தலையில் அது விழுந்தது என்று அர்த்தம். தள்ளுபடிக்குப் பிறகும் 2,000 கோடி டாலருக்கு மேல் கடன் நிற்கிறது. அதற்கு வட்டி வேறு!

ரீகன் போட்ட கையெழுத்து

இந்தக் கதை இப்படித்தான் போகும் என்று முன்பே சிலர் கண்டுகொண்டார்கள். ஜான் சாபி என்பவர் செனட் சபை உறுப்பினர். ரோட் ஐலண்டு மாநிலத்துக்காரர். தாமஸ் எவான்ஸ் என்பவர் கீழ்ச்சபை உறுப்பினர். டெலவேர் மாநிலத்துக்காரர். இருவரும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 1982-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்டார். மசோதா சட்டம் ஆயிற்று.

ரீகன் யார்? சட்டம் போட்டு ஜனங்களைக் கட்டிப்போடுவது அவருக்குப் பிடிக்காது. சர்க்கார் செலவைக் குறை என்று சொல்லியே பதவிக்கு வந்தவர். அவர் ஏன் இதற்குச் சம்மதித்தார்? அந்தச் சட்டம் யாரையும் தடுக்கவில்லை. அதுதான் அதன் விசேஷம்.

சட்டம் சொன்னது இதுதான்: தடுப்புத் தீவுகளில் இன்னும் வீடு அதிகம் வராத இடங்களைச் சுற்றி ஒரு கோடு போடுவோம். கோட்டுக்குள்ளே நீ வீடு கட்டலாம். ஓட்டல் கட்டலாம். மாளிகை கட்டலாம். கேட்கமாட்டோம். ஆனால், மத்திய சர்க்கார் பணம் ஒரு காசு கிடைக்காது. புதுப் பாலத்துக்குக் கிடையாது. குழாய்க்குக் கிடையாது. கடனுக்குக் கிடையாது. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு வெள்ள இன்ஷூரன்ஸ் கிடையாது. உன் பணம், உன் மணல், உன் பாடு!

ஏற்கெனவே இருந்த வீடுகளைச் சட்டம் தொந்தரவு செய்யவில்லை. இருக்கிற ரோட்டைப் பழுது பார்க்கலாம். ஆபத்துக் காலத்தில் உயிரைக் காப்பாற்றும் உதவியும் உண்டு. மனிதாபிமானம் இல்லாத சட்டம் என்று சொல்ல முடியாது.

முதலில் 186 இடங்களைச் சுற்றிக் கோடு போட்டார்கள். 4 லட்சத்து 53 ஆயிரம் ஏக்கர். கரையின் நீளம் 666 மைல். 1990-ல் இன்னும் நிறையச் சேர்த்தார்கள். இன்று 35 லட்சம் ஏக்கருக்கு மேல் கோட்டுக்குள் இருக்கிறது. அதில் பெரும் பகுதி சதுப்பு நிலமும் தண்ணீரும்தான்.

மிச்சம் எவ்வளவு?

சட்டம் பலித்ததா? பலித்தது.

2007-ல் அமெரிக்க சர்க்காரின் தணிக்கை இலாகா ஒரு கணக்கு எடுத்தது. கோட்டுக்குள் இருந்த இடங்களில் 100-க்கு 84 இடங்களில் புது வீடுகள் வரவில்லை. 13 இடங்களில் கொஞ்சம் வந்திருந்தது. 3 இடங்களில் மட்டும் நூற்றுக்கணக்கில் கட்டிவிட்டார்கள். தடை ஒன்றும் இல்லை. காசு மட்டும்தான் இல்லை. அதற்கே இந்தப் பலன்! (சர்க்கார் இலாகாக்கள் சிலவே சட்டத்தை மறந்து, கோட்டுக்குள் கடனும் இன்ஷூரன்சும் கொடுத்திருந்தன என்பதையும் அதே தணிக்கை கண்டுபிடித்தது. எந்த நாட்டிலும் ஆபீஸ் ஆபீஸ்தான்.)

2019-ல் கோபர்ன், வைட்ஹெட் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் பணக் கணக்குப் போட்டார்கள். 1989 முதல் 2013 வரை இந்தச் சட்டத்தால் மத்திய சர்க்காருக்கு மிச்சமான தொகை சுமார் 950 கோடி டாலர் என்றார்கள். 2068 வரை பார்த்தால் மிச்சம் 1,100 கோடியாகவும் இருக்கலாம், 10,800 கோடியாகவும் இருக்கலாம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. வருங்காலத்தில் எவ்வளவு வீடு வந்திருக்கும், எத்தனை புயல் வரும் என்பதை யார் கண்டார்கள்? ஆனாலும், சிறிய தொகையை எடுத்துக்கொண்டாலும் அது சிறிய தொகை அல்ல.

2024-ல் இன்னொரு ஆராய்ச்சி வெளிவந்தது. கோட்டுக்குள் வீடுகளின் நெருக்கம் 83 சதவீதம் குறைந்திருக்கிறது. வெள்ள இன்ஷூரன்சுக்கு வருஷத்துக்கு 11 கோடியே 20 லட்சம் டாலர் மிச்சம். இதிலே எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. கோட்டுக்கு வெளியே, பக்கத்தில் இருக்கும் ஊர்களிலும் வெள்ள நஷ்டம் குறைந்திருக்கிறது! வீடு இல்லாத மணல் மேடும் சதுப்பும் தண்ணீரைத் தாங்கிக்கொள்கின்றன. ஒருவன் கட்டாமல் விட்டதால் பக்கத்து ஊர்க்காரன் பிழைக்கிறான்.

கோட்டை நகர்த்து!

இவ்வளவு நல்ல சட்டத்தில் தகராறு எங்கே வந்தது? கோட்டில்தான் வந்தது.

முதல் வரைபடங்கள் காகிதத்தில் வரைந்தவை. கையால் இழுத்த கோடு. அந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையிலே 24 மீட்டர். பேனா முனை கொஞ்சம் தடித்திருந்தால் போதும்; ஒரு வீடும் தோட்டமும் கோட்டுக்கு அடியிலேயே போய்விடும். உள்ளேயா வெளியேயா? சொல்ல முடியாது. சில இடங்களில் மேட்டு நிலத்தையும் சேர்த்து வளைத்துவிட்டார்கள். சில இடங்களில் ஏற்கெனவே வீடும் ரோடும் இருந்த தெருவை உள்ளே போட்டுவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் என்ன தப்புச் செய்தார்? ஒன்றும் இல்லை. பேனா செய்த தப்பு.

கோட்டை மாற்றும் அதிகாரம் யாருக்கு? சில சின்னத் திருத்தங்கள் தவிர, பாராளுமன்றத்துக்குத்தான். அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். (நம் ஊர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆகவே நாலு வீட்டுக்காகவும் ஒரு மசோதா வர வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் தங்கள் தொகுதி மெம்பரைப் பார்க்கிறார்கள். மெம்பர் மசோதா கொண்டுவருகிறார். நியாயமான தப்பும் இந்த வழியாகத்தான் திருந்துகிறது. நியாயம் இல்லாத ஆசையும் இதே வாசலில்தான் வந்து நிற்கிறது.

நார்த் டாப்செயில் பீச் என்று ஓர் ஊர். வட கரோலினா மாநிலத்தில், டாப்செயில் என்ற தடுப்புத் தீவின் வடக்குப் பகுதியில் இருக்கிறது. ஊரில் பெரும் பகுதி கோட்டுக்குள். தங்களை வெளியே விடும்படி பல வருஷங்களாகக் கேட்டு வருகிறார்கள். மசோதாக்களும் வந்திருக்கின்றன. அவர்கள் வாதம் என்ன?

"1982-க்கு முன்பே எங்களுக்கு ரோடு இருந்தது, குழாய் இருந்தது. வளர்ச்சி இல்லாத இடம் என்று எங்களை உள்ளே போட்டது தப்பு. இதே தீவில் தெற்கே இருப்பவனுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்கிறது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. தனியார் கம்பெனியிடம் அதிக விலைக்கு வாங்குகிறோம். கடற்கரைக்கு மணல் கொட்ட அவர்களுக்குச் சர்க்கார் உதவி. எங்களுக்கு எங்கள் வரிப்பணம். இது என்ன நீதி?"

கேட்டால் மனசு இளகத்தான் செய்கிறது. ஒரே தீவு, ஒரே கடல், தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு நீதி, அந்தப் பக்கம் ஒரு நீதி. எல்லாரும் கோடீஸ்வரரும் அல்ல. ஆயுள் முழுவதும் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைப் போட்டு வாங்கியவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1996-ல் பிரான் புயல் அந்தத் தீவை நொறுக்கியது. 2018-ல் புளோரன்ஸ் புயல் வந்து மறுபடியும் அடித்தது. அங்கே நிற்கும் வீடுகளில் எத்தனையோ, கோடு போட்ட பிறகு கட்டியவை. கோடு அன்றும் இருந்தது. சட்டம் அன்றும் இருந்தது. சர்க்கார் பணம் வராது என்று சட்டத்தில் எழுதி வைத்த பிறகு கட்டிவிட்டு, "கட்டிவிட்டோம், இப்போது கோட்டை நகர்த்துங்கள்" என்றால்? ஒரு தெருவுக்கு நகர்த்தினால் அடுத்த தெருக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் மசோதா கேட்பார்.

பத்து வருஷக் கணக்கு

இனிமேல்தான் பட்ஜெட் விஷயம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு பட்ஜெட் அலுவலகம் இருக்கிறது. 1974-ம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்டது. ஒரு மசோதா கமிட்டியைத் தாண்டி வந்தால், "இதனால் சர்க்காருக்கு எவ்வளவு செலவு?" என்று இந்த அலுவலகம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். கட்சிக்குச் சாயாத அலுவலகம் என்று பெயர் எடுத்தது.

கோட்டை நகர்த்தும் சின்ன மசோதாக்கள் பலவற்றுக்கு அந்த அலுவலகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. விடை பெரும்பாலும் ஒன்றுதான்: கூட்டிக் கழித்தால் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை!

அது எப்படி? கோட்டுக்கு வெளியே வந்த வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் எடுப்பார். சந்தா கட்டுவார். அது சர்க்காருக்கு வரவு. புயல் வந்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அது செலவு. புயல் நாளைக்கு வரும் என்று அலுவலகம் ஜோசியம் சொல்லாது. சராசரி போடும். சில வீடுகள்தானே? வரவும் கொஞ்சம், செலவும் கொஞ்சம். ஒன்றுக்கொன்று சரியாய்ப் போயிற்று. பத்து வருஷத்துக்குப் பார்த்து, "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

கணக்கில் பொய் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். கேள்விதான் சின்னக் கேள்வி.

நம் வீட்டில் ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறான். "மாசம் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும்?" என்று அம்மா கேட்கிறாள். "பஸ் டிக்கெட்டுக்குச் சரியாய்ப் போகும் அம்மா" என்கிறான். அவன் சொன்னது நிஜம். ஆனால், டயர் யார் கணக்கு? என்ஜின் பழுதானால் யார் கணக்கு? கீழே விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் கணக்கு? பெட்ரோல் கணக்கில் இவையெல்லாம் வராது. ஆனால், வீட்டுக் கணக்கில் வந்தே தீரும். அம்மாவுக்கு அது தெரியும்.

கோட்டை நகர்த்தினால் இன்ஷூரன்ஸ் மட்டுமா வெளியே வருகிறது? ரோட்டுக்கும் குழாய்க்கும் மத்திய சர்க்கார் பணம் கேட்கலாம். மணல் கொட்டக் கேட்கலாம். புயலுக்குப் பிறகு இவற்றைத் திரும்பக் கட்டக் கேட்கலாம். இந்தப் பணமெல்லாம் வருஷா வருஷம் பாராளுமன்றம் தனித்தனியாக ஒதுக்கும் பணம். பெரும் புயல் வந்தால் அவசரம் என்று சொல்லித் தனியாக ஒரு மசோதா போட்டு ஒதுக்குவார்கள். அன்றைக்கு வரப்போகும் அந்த மசோதாவின் தொகையை, இன்றைக்குக் கோட்டை நகர்த்தும் மசோதாவின் கணக்கில் எழுத மாட்டார்கள். விதி அப்படி. புயலுக்கு அவசர மசோதா வரும்போது, "இந்த இடத்தை இத்தனையாம் வருஷம் கோட்டுக்கு வெளியே விட்டோமே" என்று அதிலும் எழுத மாட்டார்கள். கோடு ஒரு காகிதத்தில். செலவு வேறு காகிதத்தில். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை.

இன்னொன்று. கோட்டுக்குள் இருந்தபோது அந்த மனை மலிவு. வெள்ள இன்ஷூரன்ஸ் இல்லாத இடத்துக்குப் பாங்கி எளிதில் கடன் தராது அல்லவா? வெளியே வந்ததும் பாங்கி தரும். விலை ஏறும். ஒரு வீடு இருந்த இடத்தில் நாலு வீடு வரும். சின்ன வீட்டை இடித்துப் பெரிய வீடாகக் கட்டுவார்கள். இன்றைக்கு இருக்கிற வீட்டை எண்ணிக் கணக்குப் போட்டால் போதுமா? இனி வரப்போகும் வீடுகள் எங்கே?

அப்படியானால் என்ன செய்வது?

கோட்டையே தொடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அது அநியாயம். பேனா செய்த தப்பைத் திருத்த வேண்டும். 1982-க்கு முன்பே வீடும் ரோடும் இருந்ததற்குக் காகித ஆதாரம் இருந்தால் வெளியே விட வேண்டும். அதைத் தருமம் மாதிரி அல்ல, பாக்கியைத் தீர்ப்பது மாதிரிச் செய்ய வேண்டும்.

ஆனால், திருத்தம் என்று உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் திருத்த வேண்டும். வெளியே விட வேண்டியதை வெளியே விடு. உள்ளே சேர்க்க வேண்டியதை உள்ளே சேர். 2018 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. 2024 நவம்பரில் இன்னொன்று வந்தது. வரைபடங்களை அளந்து பார்த்து, தப்பாகச் சேர்த்ததை நீக்கி, விட்டுப்போனதைச் சேர்த்தார்கள். 2024 சட்டத்தில் சேர்ந்தது இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல். இதுதான் சரியான முறை. ஒரு மெம்பர், ஒரு தெரு, ஒரு மசோதா என்று சில்லறையாகச் செய்தால் கோடு எப்போதும் ஒரே பக்கம்தான் நகரும். சதுப்புக்கு ஓட்டு இல்லை. அதற்காக மெம்பரைப் பார்க்க யார் போவார்கள்?

தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் விஷயம் வேறு. விற்கும்போதே, "இது கோட்டுக்குள் இருக்கிறது, சர்க்கார் இன்ஷூரன்ஸ் கிடைக்காது" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவன்மேல் வழக்குப் போடட்டும். விற்றவன் மறைத்ததற்கு வரி கொடுப்போர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

நம் கடற்கரையில்

இதைப் படித்ததும் உங்களுக்கு நம் ஊர் ஞாபகம் வரும். நம்மிடமும் ஒரு கோடு இருக்கிறது.

1991 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பை வெளியிட்டது. ஏற்றத்தின்போது கடல் எட்டும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கட்டக்கூடாது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கடல் எவ்வளவு தூரம் வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிப்பு அந்தக் கோட்டை நகர்த்தியது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறக் கடற்கரையில் 200 மீட்டர் 50 மீட்டர் ஆகலாம் என்றது.

நம் கோடும் அமெரிக்காக் கோடும் ஒன்றல்ல. அங்கே கட்டலாம், பணம் இல்லை. இங்கே கட்டவே கூடாது. அங்கே மணலில் நிற்பவற்றில் எத்தனையோ, விடுமுறைக்கு வந்துபோகும் வீடுகள். இங்கே கடலோரத்தில் இருப்பவர் மீனவர். கட்டுமரத்தைக் கண்ணில் படும் தூரத்தில் வைத்துக்கொண்டால்தான் அவருக்குப் பிழைப்பு. அலையைப் பார்த்துக் காப்பி குடிக்க அவர் அங்கே வரவில்லை. அவர் குடிசையையும் உல்லாச விடுதியையும் ஒரே கோலால் அளந்தால் அது பாவம். மீனவர் வீட்டைப் பத்திரப்படுத்தச் சர்க்கார் பணம் செலவானால், ஆகட்டும். அதற்குத்தான் சர்க்கார்.

ஆனால், விடுதிக்கும் பங்களாவுக்கும் அமெரிக்காக் கேள்வியைக் கேட்கலாம். கடல் அரிப்பு என்று தூண்டில் வளைவு போடுகிறோம். கல் கொட்டுகிறோம். அது பொதுப் பணம். ஒரு இடத்தில் போட்டால், அதன் வடக்கே மணல் அரிக்கிறது. அங்கேயும் போட வேண்டியிருக்கிறது. 50 மீட்டரில் பங்களா எழும்பினால், அதைக் காப்பாற்றக் கொட்டும் கல்லுக்கு யார் பணம்? கோட்டை நகர்த்தும்போதே இந்தக் கணக்கையும் எழுதிக் காட்டச் சொன்னால் என்ன?

மறுபடியும் டாப்செயில் தீவுக்கு வருவோம். அங்கே ஒருவர் வீடு வாங்கினால் பாங்கி 30 வருஷத்துக்குக் கடன் கொடுக்கிறது. பட்ஜெட் அலுவலகம் 10 வருஷத்துக்குக் கணக்குப் போடுகிறது. மிச்சம் இருக்கும் 20 வருஷத்துக்குக் கணக்கு யாரிடம் இருக்கிறது? அடுத்த மசோதா வரும்போது, அந்த 20 வருஷத்தையும் சேர்த்து, ரோடும் குழாயும் மணலும் புயல் நிவாரணமும் ஒரே தாளில் வரும்படி எழுதிக் கொடுங்கள் என்று ஒரே ஒரு மெம்பராவது எழுந்து கேட்கவேண்டும்.